வண்டியைத் தூக்கலாமா? டயரைப் பெருசாக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன், உத்திரமேரூர் வட்டம்)



நம் சேசிஸ் பாடத்தில் டயர் என்பது ஒரு சின்னத் தலைப்பு. "டயரின் பணிகள் யாவை?" என்று கேட்டால் பாரம் தாங்குதல், அதிர்வைக் குறைத்தல், பிடிமானம் தருதல் என்று ஐந்து பாயிண்ட் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் ஊரில் யாரும் நம்மிடம் அப்படிக் கேட்பதில்லை. என் சித்தப்பா கேட்டது இப்படி:

"டேய் தம்பி, நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிற? நம்ம தாருக்கு ரெண்டு இஞ்ச் தூக்கி, முப்பத்திமூணு இஞ்ச் டயர் போடலாம்னு இருக்கேன். ஒரு கடையில பேசிட்டேன். சரியா வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

இதற்கு ஐந்து மார்க் விடை கிடையாது. கடைக்காரர் சொன்ன தொகை சித்தப்பாவுக்கு ஒரு போக நெல்லில் கையில் நிற்கும் பணத்தைவிட அதிகம். அதைவிட முக்கியம், அந்த வண்டியில்தான் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ராத்திரியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஏரிக்கரை வழியாக உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதே வண்டிதான். ஆகவே "சூப்பரா இருக்கும் சித்தப்பா" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ரெக்கார்ட் நோட்டையும் கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்களுக்கும் தருகிறேன். பெரிய கணிதம் எதுவும் இல்லை. முதலாம் ஆண்டில் படித்த அப்ளைடு மெக்கானிக்ஸ் போதும்.

1. டயர் மேல் எழுதியிருப்பது என்ன?

2020 அக்டோபரில் வெளிவந்த மகிந்திரா தாருக்குக் கம்பெனியே இரண்டு அளவு டயர் கொடுத்தது. ஒன்று 245/75 ஆர் 16, மற்றது 255/65 ஆர் 18. சித்தப்பா வண்டியில் இருப்பது முதல் வகை. இதில் 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்றில் ஒன்று மில்லிமீட்டர், ஒன்று சதவீதம், ஒன்று அங்குலம். யார் இப்படிக் கலந்து வைத்தார்களோ தெரியாது. வைவாவில் நம்மைக் குழப்புவதற்கு நல்ல வசதி!

மொத்த விட்டம் கண்டுபிடிப்பது எளிது. பக்கச் சுவர் = 245 × 0.75 = 183.75 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 367.5. ரிம் 16 × 25.4 = 406.4. கூட்டினால் சுமார் 774 மி.மீ.

'முப்பத்திமூணு இஞ்ச்' என்று கடையில் சொல்வது பெரும்பாலும் 285/75 ஆர் 16. அதே முறையில் போட்டால் 427.5 + 406.4 = சுமார் 834 மி.மீ. அங்குலத்தில் 32.8. நடுவில் இன்னொரு அளவும் உண்டு: 265/75 ஆர் 16. அதன் விட்டம் சுமார் 804 மி.மீ.

இந்த மூன்று எண்களையும் மனதில் வையுங்கள்: 774, 804, 834. இனி வரும் கணக்கெல்லாம் இவற்றை வைத்துத்தான்.

டயரில் இன்னும் சில எழுத்துகள் உண்டு. 'லோட் இன்டெக்ஸ்' என்பது அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதன் குறியீடு. 104 என்றால் 900 கிலோ, 111 என்றால் 1,090 கிலோ. அதற்குப் பக்கத்து எழுத்து வேக எல்லை: க்யூ 160, எஸ் 180, டி 190 கி.மீ. கடைசியாக நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3523 என்று இருந்தால் 2023ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. பழைய டயரைக் கருப்பு பாலிஷ் போட்டுப் 'புதுசு' என்று கொடுத்தாலும் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

2. பெரிய சக்கரத்தால் லாபம் உண்டா?

உண்டு. இல்லை என்று சொல்வது பொய். நம் தாத்தாக்கள் மாட்டு வண்டிக்கு ஆள் மார்பு உயரத்துக்குச் சக்கரம் போட்டது அழகுக்காக அல்ல. மேட்டில் ஏறும்போது பெரிய சக்கரத்துக்கு இழுவை குறைவாகப் போதும்.

கணக்குப் பார்ப்போம். 10 செ.மீ. உயரமான ஒரு கல் எதிரே இருக்கிறது. சக்கரத்தின் அச்சைக் கிடைமட்டமாக இழுத்து அதை ஏற்ற வேண்டும். கல்லின் விளிம்பைச் சுற்றி மொமென்ட் எடுத்தால், 387 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு அதன் மேல் உள்ள பாரத்தில் 0.90 பங்கு விசை வேண்டும். 417 மி.மீ. ஆரத்துக்கு 0.85 பங்கு. ஐந்தடி விட்டமுள்ள மாட்டு வண்டிச் சக்கரத்துக்கோ 0.57 பங்குதான்! ரப்பர் டயர் கல்லின் மேல் அமுங்கி வளைவதால் உண்மையில் இன்னும் குறையும். ஆனாலும் ஒப்பீடு சரிதான்.

அடுத்து, தரையிலிருந்து உயரம். விட்டம் 60 மி.மீ. கூடினால் அச்சு 30 மி.மீ. மட்டும் உயரும். மேல் பாதி வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. 265 டயரானால் 15 மி.மீ.தான். தாரின் தரை இடைவெளி கம்பெனி கணக்குப்படி 226 மி.மீ. ஆக அத்தனை செலவுக்கும் கிடைப்பது மூன்று சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியை நீளவாக்கில் நிறுத்தினால் அதைவிட உயரமாக இருக்கும்.

3. 'தூக்குவது' என்றால் எதைத் தூக்குவது?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். தூக்குவதில் இரண்டு வகை. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவது 'பாடி லிஃப்ட்'. நீளமான ஸ்பிரிங் அல்லது ஸ்பேசர் போட்டுச் சேசிஸோடு உயர்த்துவது 'சஸ்பென்ஷன் லிஃப்ட்'.

தாரின் பின்பக்கம் முழு ஆக்ஸில். அதன் நடுவில் தொங்கும் கிரவுன் ஹவுசிங்தான் பாதை நடு மேட்டில் இடிக்கிற இடம். ஸ்பிரிங்கை நீட்டினால் சேசிஸ் மேலே போகும். கிரவுன் அங்கேயேதான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். "ரெண்டு இஞ்ச் தூக்கிட்டோம், இனி கிரவுன் இடிக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? ஒன்று, பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம். இரண்டு, முன்னும் பின்னும் பம்பர் இடிக்காமல் ஏறி இறங்கும் கோணம் கூடும். ஆனால் தாரில் ஏற்கெனவே முன்கோணம் 41.8 டிகிரி. நம் வட்டாரத்தில் வாய்க்கால் கரையோ, ஏரி உள்வாயோ அத்தனை செங்குத்தாக வண்டி ஏறும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முன்பக்கத்தில் இன்னொரு சிக்கல். அங்கே இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். லிஃப்ட் செய்தால் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்தில் சுற்ற வேண்டும். சி.வி. ஜாயின்ட்டும் அதன் ரப்பர் பூட்டும் சீக்கிரம் போகும். பூட் கிழிந்து உள்ளே சேறு போனால் மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

4. நஷ்டக் கணக்கு

774-லிருந்து 834 என்பது 7.75 சதவீத வளர்ச்சி. இந்த ஒரு எண் வண்டி முழுக்கப் பரவுகிறது.

(அ) இழுவை: இன்ஜின் டார்க் அதே, கியர் அதே. ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் தள்ளு விசை சுமார் 7 சதவீதம் குறையும். ஈடுகட்ட வேண்டுமானால் கிரவுன்–பினியன் விகிதத்தை மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு 4.30 இருந்தால் 4.63 ஆக வேண்டும். முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

(ஆ) பிரேக்: அதே டிரம், அதே டிஸ்க். அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் 7 சதவீதம் குறைவு. டயரே கூடுதல் எடை என்பதால் சுற்றும் சக்கரத்தை நிறுத்தவும் கூடுதல் வேலை.

(இ) ஸ்பீடோமீட்டர்: முள் 80 காட்டும்போது வண்டி 86-ல் போய்க்கொண்டிருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 16 சதவீதம் கூடுகிறது. பிரேக் பலம் குறைந்த நேரத்தில் வேலை கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

(ஈ) மைலேஜ்: 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 93 என்று காட்டும். அதனால் மைலேஜ் குறைந்தது போலத் தெரியும். அதில் ஒரு பகுதி மீட்டர் சொல்லும் பொய். இன்னொரு பகுதி எடையாலும் பட்டனின் உராய்வாலும் வரும் உண்மையான நஷ்டம்.

(உ) ரிம்: 285/75 ஆர் 16 டயருக்குப் பொதுவாக 7.5 முதல் 9 அங்குலம் அகலமான ரிம் வேண்டும். ஒடுக்கமான ரிம்மில் ஏற்றினால் டயர் நடுவில் உப்பி, நடுப்பட்டன் மட்டும் தேயும். அதற்காக வெளியே துருத்தும் ரிம் போட்டால் வீல் பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் பாரம் கூடும். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். பின்கதவில் தொங்கும் அந்த எடையைக் கதவுக் கீல்தான் சுமக்கிறது.

(ஊ) நான்கும் ஒரே அளவு: "இப்போ பின்னாடி ரெண்டு மட்டும் போடுங்க, முன்னாடி அப்புறம் பாத்துக்கலாம்" என்பது பார்ட்–டைம் ஃபோர் வீல் டிரைவில் கூடவே கூடாது. ஃபோர் வீல் போட்டதும் முன், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. டயர் விட்டம் வேறானால் இரண்டும் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். அந்த இழுபறி முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும்.

5. கவிழும் கணக்கு

இதுதான் சித்தப்பாவை யோசிக்க வைத்தது. எனவே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பக்கவாட்டில் சாய்ந்த தரையில் நிற்கும் வண்டி எந்தக் கோணத்தில் கவிழும்? இரு சக்கரங்களின் இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் அந்தக் கோணத்தின் டான்ஜென்ட் கிடைக்கும். கணக்குக்காக இடைவெளி 1,500 மி.மீ. என்றும் ஈர்ப்பு மையம் 700 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 750 ÷ 700 = 1.07. கோணம் 47 டிகிரி.

இப்போது இரண்டு அங்குல லிஃப்ட்டும் 33 அங்குல டயரும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை ஏறக்குறைய 70 மி.மீ. உயர்த்துகின்றன. 750 ÷ 770 = 0.97. கோணம் 44 டிகிரி. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் இது வண்டி மரக்கட்டை போல விறைப்பாக நிற்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் ஸ்பிரிங் சாயும், டயர் அமுங்கும், உள்ளே இருக்கும் ஆட்களும் ஒரு பக்கம் சரிவார்கள். ஆகவே உண்மையான எல்லை இதைவிடக் கீழே.

நம் ஏரிக்கரைப் பாதையை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரம் ஊறிக் கிடக்கும். பள்ளத்துப் பக்கச் சக்கரம் 15 செ.மீ. புதைந்தால் அதுவே வண்டியைக் கிட்டத்தட்ட 6 டிகிரி சாய்க்கிறது. பாதையின் சாய்வு, ஸ்டியரிங் ஒடிக்கும் வேகம், எதிரே வரும் டிராக்டருக்கு ஒதுங்குவது எல்லாம் அதற்கு மேல் வரும். அப்போது அந்த மூன்று டிகிரி நமக்கு வேண்டும்.

தார் ரோட்டிலும் இதே கதைதான். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உண்மையான 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் சுமார் 0.50 ஜி. பெரிய டயரில் முள் அதே 40 காட்டும்போது உண்மை வேகம் 43. முடுக்கம் 0.58 ஜி. வண்டியின் தாங்கும் திறன் 9 சதவீதம் குறைந்திருக்க, அதன் மேல் வரும் தேவை 16 சதவீதம் கூடியிருக்கிறது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. முள் அதே இடத்தில்தான் நிற்கிறது.

6. நம் ஊர் மண்ணுக்கு எந்தப் பட்டன்?

ஜீப் டயர் மூன்று ரகம். எச்.டி. என்பது தார் ரோட்டுக்கு. எம்.டி. என்பது சேற்றுக்கு: பெரிய பெரிய பட்டன், நடுவே அகலமான இடைவெளி. ஏ.டி. என்பது இரண்டுக்கும் நடுவே.

சேற்றில் டயரின் வேலை இரண்டு: பிடிப்பது, பிடித்த சேற்றை உதறுவது. இடைவெளியில் சேறு அப்பிக்கொண்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் மொட்டை டயர்தான். எம்.டி. நன்றாக உதறும். ஆனால் மழையில் நனைந்த தார் ரோட்டில் அதே பட்டன் தரையைத் தொடும் ரப்பரைக் குறைத்துவிடுகிறது. நிற்கும் தூரம் கூடும், சத்தமும் அதிகம்.

அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. அடியில் கெட்டித் தரை இருக்கும் மேலோட்டமான சேற்றில் ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி ஒல்லியான டயரோடு சேற்றில் பேர் வாங்கியது இதனால்தான். வண்டி எடை குறைவு என்பதும் ஒரு காரணம். பாலாறு, செய்யாறு மணலில் நிலைமை நேர் எதிர். அங்கே வெட்டினால் புதைந்துபோவோம், மிதக்க வேண்டும். சேடை ஓட்டும் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுவது எதற்காக? பாரத்தைப் பரப்பி, புதையாமல், பிடிப்போடு போக. அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மண்ணுக்கு வாகான சக்கரம் இன்னொரு மண்ணுக்கு ஆகாது என்பது நம் விவசாயிகள் அறிந்த பாடம்.

சித்தப்பா வண்டி எங்கெல்லாம் ஓடுகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தோம். காஞ்சிபுரம், மதுராந்தகம், வந்தவாசி என்று பெரும்பகுதி தார் ரோடு. அடுத்தது களத்துக்கும் கழனிக்கும் போகும் மண் பாதை. உண்மையான சேறு, விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

7. காசில்லாமல் கிடைக்கும் பெரிய டயர்

இது என்ன புதுக் கதை என்கிறீர்களா? காற்றழுத்தத்தைத்தான் சொல்கிறேன்.

ஆட்களோடு வண்டி 2,000 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. டயருக்குள் 32 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு: 500 ÷ 2.25 = சுமார் 222 சதுர செ.மீ. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை! அதே காற்றில் அகல டயர் போட்டாலும் பரப்பு ஏறக்குறைய அதேதான். வடிவம்தான் அகலமாகவும் குட்டையாகவும் மாறும். பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் இது தோராயக் கணக்கு. ஆனால் திசை சரி.

இப்போது காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். பரப்பு இரண்டு மடங்கு, 444 சதுர செ.மீ. பைசா செலவில்லை. ஐஸ்லாந்து நாட்டில் பனிப்பாறை மேல் ஓட்டுகிறவர்கள் 38 அங்குலமும் அதற்கு மேலும் டயர் போடுவது இந்தத் தத்துவத்துக்காகத்தான். அத்தனை பெரிய டயரில் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. மட்டும் வைத்துப் பனியில் மிதக்கிறார்கள். அங்கே அந்த டயர் தேவை. பாதை முழுக்கப் பனி. நமக்குத் தேவை ஒரு நல்ல காற்று கேஜும், பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசரும்.

எச்சரிக்கை இரண்டு. காற்று குறைந்த டயரில் வேகம் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

8. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இந்த மாற்றங்களைத்தான். கோவாவில் 2014 முதல் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் பார்க்கிற வண்டியைப் பார்த்து, பிள்ளைகள் ஏறும் வண்டியை அப்படி ஆக்கக் கூடாது.

9. தகுதி பார்க்கும் பட்டியல்

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு எல்லோரும் அறிந்ததே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலையில் பேர் எழுதும் முன்பே யாருக்குத் தகுதி, யாருக்குத் தகுதி இல்லை என்று எழுதி வைத்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் என்று தொடங்கி நிபந்தனைகள் நீளும். ஏரியைப் பார்க்க ஏரி வாரியம் என்றே தனிக்குழு. ஆயிரம் வருடத்துக்கு முன் அத்தனை கறாராக ஆள் தேர்ந்தெடுத்த ஊரில், டயரைப் பளபளப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? இதோ என் பட்டியல்:

• டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் கம்பெனி சொன்ன அளவு எது?
• புதிய டயரின் விட்டம் அதிலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது?
• லோட் இன்டெக்ஸும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையவில்லையே?
• இப்போதுள்ள ரிம்மின் அகலம் அந்த டயருக்குப் பொருந்துமா?
• ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையிலும் எங்கும் உரசவில்லையே?
• ஸ்டெப்னியோடு ஐந்தும் ஒரே அளவா? தயாரித்த வாரம் எது?
• மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் சேறு, எத்தனை கிலோமீட்டர் தார்?

இந்த ஏழுக்கும் பதில் இல்லாமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

சித்தப்பா வண்டியைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் விடை தானாக வந்தது: அதே 245/75 ஆர் 16 அளவு, ஏ.டி. பட்டன், லிஃப்ட் வேண்டாம். மிச்சப் பணத்தில் காற்று கேஜ், கம்ப்ரசர், இழுக்கும் பட்டை, ஒரு நல்ல மண்வெட்டி. சித்தப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "கணக்கு சரிடா. ஆனா வண்டி மலை மாதிரி நின்னா எப்படி இருக்கும்!" என்றார். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது உண்டு. ஆனால் கவிழும் கணக்கைப் படித்துவிட்டு, கடைக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னவரும் அவரேதான். மழைக்காலம் வந்தது. கரைப் பாதையில் 18 பி.எஸ்.ஐ.யில் வண்டி மெதுவாகப் போய் வந்தது, பாதையும் உழுதுபோகவில்லை. கரையைக் கிழித்துவிட்டுப் போகும் டயர் நமக்குப் பெருமை இல்லை, நண்பர்களே. அந்தக் கரைக்குப் பின்னால் ஊர் ஆயக்கட்டுக்கே தண்ணீர் நிற்கிறது.

நண்பர்களே! ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., தேர்வாய் கண்டிகையில் மிஷலின் என்று டயர் செய்யும் ஆலைகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. இன்பிளான்ட் டிரெய்னிங் என்று நம்மில் பலர் அங்கே போவோம். சிலருக்கு வேலையும் அங்கேதான் கிடைக்கும். ஆனால் டிப்ளமோ முடிக்கும் முன்பே ஊரில் நம்மை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ வண்டியைக் காட்டி ஒரு யோசனை கேட்டால், பதில் சொல்லும் முன் டேப்பை எடுத்து அளந்து, பேப்பரில் எழுதிக் காட்டுங்கள். அவர்கள் நம் பேச்சை நம்பிப் பணத்தை மட்டுமல்ல, பிள்ளைகளையும் அந்த வண்டியில் ஏற்றுகிறார்கள்.